முதலில் உடைந்தது எது? வீட்டில் கட்டிய விமானத்தின் இறக்கை முறிந்த கதையை எப்படி வாசிக்கிறார்கள்

எங்கள் தோட்டத்து ஸ்டோரில் மாமா ஃபிட்டராக இருந்தார். ஸ்டோர் என்றால் கடை இல்லை, இலங்கை மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். ஒரு நாள் விடிகாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் ஒன்றின் தண்டு முறிந்து வேலை நின்றுபோனது. கொழுந்து வாடிக் கிடக்கிறது, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் சத்தம் போடுகிறார். இரவு வேலைக்கு நின்ற பையன்தான் அளவுக்கு மீறிப் போட்டுவிட்டான் என்று எல்லோருடைய கண்ணும் அவன் மேல். மாமா ஒன்றும் பேசவில்லை. முறிந்த முனையைப் பழந்துணியால் மெல்ல ஒற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இங்க பாருங்க. இந்தப் பக்கம் கறுத்து வழவழன்னு, சிப்பி ஓடு மாதிரி வரிவரியா இருக்கா? இது நேத்து முறிஞ்சதில்ல. மாசக்கணக்கா முறிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. இந்தா, ஓரத்துல சீனி மாதிரி மினுங்குதே, இவ்வளவுதான் ராத்திரி முறிஞ்சது."

முக்கால்வாசி பழைய முறிவு. பையன் தப்பித்தான். மற்றத் துண்டை எடுத்து இரண்டையும் பொருத்திப் பார்க்கப் போன என் கையில் மாமா ஓர் அடி வைத்தார். அந்த அடிக்குக் காரணம் வெகுகாலம் கழித்து, விமான விபத்து அறிக்கைகளை வாசிக்கத் தொடங்கியபோதுதான் புரிந்தது.

மலையகத்தில் விமான விபத்து என்றால் பெரியவர்களுக்கு நினைவு வருவது சப்த கன்னியர் மலை. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்ஏர் டிசி-8 விமானம் மஸ்கெலியாப் பக்கத்தில் அந்த மலையில் மோதி 191 பேர் இறந்தார்கள். இளையவர்களுக்கு 2020 ஜனவரி 3, ஹப்புத்தளையில் விழுந்த விமானப்படையின் வை-12, அதில் நால்வர். இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது அல்ல. வெளிநாடுகளில் ஆட்கள் தங்கள் கராஜில் தாங்களே கட்டிப் பறக்கும் சின்ன விமானங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றின் இறக்கை வானத்திலேயே மடங்குகிற காணொளி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும். கீழே யாராவது எழுதுவார்கள்: "வீட்டில செஞ்சதுதானே, வேற என்ன நடக்கும்?" அந்த ஒரு வரி எனக்குப் பிடிப்பதில்லை. ரோலர் பையனை முறைத்த கண்களும் அதே அவசரத்தோடுதான் பார்த்தன.

அமெரிக்காவில் இத்தகைய விமானத்துக்கு ஒரு விதி உண்டு: வேலையின் பெரும்பகுதியை, பாதிக்கு மேல், தொழிலாக இல்லாமல் கற்கவும் பொழுதுபோக்கவும் செய்கிறவர்களே செய்திருக்க வேண்டும். சிலர் வரைபடத்தை மட்டும் வாங்கி மரக்கட்டையிலிருந்து தொடங்குவார்கள். சிலர் பாதி தயாரான பாகங்களைப் பெட்டியாக வாங்கிப் பூட்டுவார்கள். தொழிற்சாலை விமானம் தாண்டவேண்டிய பலச் சோதனைகள் இதற்குக் கட்டாயமில்லை. பதிலாக, பொதுவாக முதல் 25 அல்லது 40 மணிநேரம் ஆள் நடமாட்டம் குறைந்த பகுதிக்கு மேல் சோதனையாகப் பறக்க வேண்டும். இதனால் விசாரணைக்கு ஒரு தனிச் சிக்கல் வருகிறது. தொழிற்சாலை விமானத்தில் ஒன்று கெட்டால் அதே அச்சில் வார்த்த ஆயிரம் விமானங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீட்டில் கட்டியதோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆளின் கைவேலை.

சரி, இறக்கை எப்படிச் சுமையைத் தாங்குகிறது? காவடித் தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். தோளில் நடுவே வைத்து இரு முனையிலும் பாரத்தைத் தொங்கவிட்டால் தண்டு கீழ்நோக்கி வளையும். மேல்பக்கம் இழுபடும், கீழ்பக்கம் நசுங்கும். விமானம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. பாரம் நடுவில், உடலில். தூக்குவது இரண்டு பக்கத்து இறக்கைகள். ஆகவே இறக்கைக்குள் ஓடும் உத்திரத்தில், அதாவது ஸ்பாரில், கீழ்விளிம்பு இழுபடுகிறது, மேல்விளிம்பு நசுங்குகிறது. விமானம் 60 பாகை சரிந்து உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கைக்குப் பாரம் இரண்டு மடங்காகும். சாதாரண வகைத் தொழிற்சாலை விமானங்கள் 3.8 மடங்குவரை சேதமில்லாமல் தாங்க வேண்டும், அந்த அளவின் ஒன்றரை மடங்கு வரை முறியக்கூடாது என்பது கணக்கு. வீட்டு விமானங்களை வரைகிறவர்களும் பெரும்பாலும் இதை ஒட்டித்தான் வரைகிறார்கள்.

இந்தக் காவடிக் கணக்கு விசாரணையில் நேரடியாக உதவும். ஸ்பாரின் கீழ்விளிம்பு இழுபட்டு அறுந்து, மேல்விளிம்பு நசுங்கி மடிந்திருந்தால் இறக்கை மேல்நோக்கி முறிந்திருக்கிறது. விமானி மூக்கை மேலே தூக்கும் கட்டுப்பாட்டு விசையைப் பலமாக இழுத்திருக்கலாம், அல்லது கீழிருந்து ஒரு காற்று அடித்திருக்கலாம். எதிர்மாறாக இருந்தால் இறக்கை கீழ்நோக்கி மடிந்திருக்கிறது. வால் முதலில் போய் மூக்கு குப்புறச் சாய்ந்த விமானங்களில் அப்படி நடக்கும். அப்போது முறிந்த இறக்கை அழுகிற பிள்ளை, அடித்தவன் வேறு இடத்தில் இருக்கிறான்.

களத்துக்குப் போனதும் விசாரணையாளர் முதலில் எண்ணுவது நான்கு மூலைகளை: மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனிகள். நான்கும் ஒரே இடத்தில் கிடந்தால் விமானம் முழுதாகத்தான் வந்து மோதியிருக்கிறது. ஒரு நுனி அரை மைல் பின்னால் கிடந்தால் வானத்திலேயே பிரிந்திருக்கிறது. அப்புறம் சிதறல் வரைபடம். பறந்துவந்த திசையில் முதலில் கிடப்பது பெரும்பாலும் முதலில் கழன்றது. ஆனால் இதை அப்படியே நம்பக்கூடாது. இயந்திரம் போன்ற கனமான பொருள் போன வேகத்தில் தூரம் ஓடி விழும். துணியும் மெல்லிய தகடும் காற்றோடு அலைந்து எங்கோ போய் இறங்கும். எந்த உயரத்தில் என்ன காற்று அடித்தது என்று பார்த்து, ஒவ்வொரு துண்டையும் கணக்கால் மறுபடி வானத்துக்கு ஏற்றிப் பார்க்க வேண்டும்.

கண்ணால் கண்டவர்களின் சாட்சியிலும் ஒரு கண்ணி உண்டு. மலைச்சரிவில் கொழுந்து பறிக்கிறவர் நிமிர்ந்து பார்ப்பது சத்தம் கேட்டுத்தான். ஒலி ஒரு நொடிக்கு 340 மீட்டர் அளவில்தான் வரும். விமானம் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்தால் 'டமார்' சத்தம் காதில் விழுமுன் நான்கைந்து நொடி ஓடிவிடும். அவர் பார்க்கும்போது விமானம் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும். "வெடிச்சுது, பிறகு விழுந்தது" என்பார். பொய் சொல்லவில்லை, கேட்டதையும் பார்த்ததையும் அப்படியே அடுக்குகிறார். வெடிகுண்டு, தீ என்று கிளம்பும் கதைகளில் பல இப்படிப் பிறந்தவை.

இனி முறிந்த முகம். மாமா காட்டிய சிப்பி வரிகளுக்கு உலோகக் களைப்பு என்று பெயர். ஓட்டை ஓரத்திலோ கீறலிலோ தொடங்கும் மயிரளவு விரிசல், ஒவ்வொரு பறப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறும். அந்தப் பயணத்தின் தடம்தான் வரிகள். மிச்சமிருக்கும் உலோகம் பாரத்தைத் தாங்க முடியாமல் ஒரேயடியாக அறுகிற இடம்தான் சீனி மினுக்கம். 2018 ஏப்ரல் 4ஆம் திகதி அமெரிக்காவின் டேடோனா பீச்சில், தரையிலிருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு பைப்பர் பயிற்சி விமானத்தின் இடது இறக்கை கழன்று இருவர் இறந்தார்கள். ஸ்பாரின் கீழ்விளிம்பில், ஒரு போல்ட் ஓட்டையிலிருந்து களைப்பு விரிசல் ஓடியிருந்தது. இழுபடுகிற விளிம்பு, ஓட்டை: காவடித் தண்டில் மேல்பக்கமாக ஒரு ஆணி அடித்ததற்குச் சமம். அது தொழிற்சாலையில் செய்த விமானம் என்பதை "வீட்டில செஞ்சதுதானே" என்பவர்கள் கவனிக்க வேண்டும்.

வீட்டு விமானத்தில் அதே ஓட்டையை யார் துளைத்தார், விளிம்புக்கு எவ்வளவு கிட்டத் துளைத்தார், துளைத்தபின் உள்ளே பிசிறைச் சுத்தம் செய்தாரா என்றெல்லாம் பார்க்க வேண்டும். போல்டின் தலையில் விமானத்துக்குரிய அடையாளம் இருக்கிறதா, அல்லது ஹார்ட்வெயார் கடையில் வாங்கியதா என்பதும் ஒரு கேள்வி.

மாமாவின் அடிக்கு வருகிறேன். முறிந்த இரண்டு முகங்களையும் சேர்த்துப் பொருத்தினால் நுண்ணிய மேடு பள்ளங்கள் ஒன்றையொன்று உரசி அழிந்துவிடும். நுண்நோக்கியில் வாசிக்க வேண்டிய எழுத்தை நாமே ரப்பர் போட்டு அழிப்பது போல. ஈரம் அடுத்த எதிரி. புது உருக்கு முறிவு மஸ்கெலியா மழையில் ஒரு இரவு கிடந்தால் காலையில் துருவேறிவிடும். புது முறிவும் பழசுபோலத் தெரியும். அதனால் தொட்டுத் துடைக்காமல், உலர்த்தி, உறையில் போட்டுத்தான் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள்.

கம்பிகளுக்கும் இதே வாசிப்புத்தான். 1962இல் அமெரிக்கப் போட்டியொன்றில் வென்ற ஃபிளை பேபி என்ற மர விமானத்தை பீட்டர் பவர்ஸ் வரைந்தார். அதன் இறக்கையை மேலும் கீழுமாக உருக்குக் கம்பிகள்தான் இழுத்துப் பிடிக்கின்றன. இப்படிப்பட்ட அமைப்பில் கீழ்க்கம்பியோ அதன் முனையில் உள்ள பூட்டோ விட்டுவிட்டால் இறக்கைக்கு வேறு பிடிப்பு குறைவு. இழைக் கம்பி ஒரே இழுப்பில் அறுந்திருந்தால் இழைகள் விளக்குமாறு போல விரிந்து நிற்கும், ஒவ்வொரு இழையின் நுனியும் மெலிந்திருக்கும். தேய்ந்து அறுந்தவை தட்டையாக இருக்கும். துருவால் போனவை குழி விழுந்து பழுப்பாக இருக்கும். தோட்டத்தில் மலையிலிருந்து கொழுந்து மூட்டை இறக்கிய கம்பிகளைப் பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. கம்பி நடுவில் அறுவது அபூர்வம். பெரும்பாலும் கட்டிய முனையில்தான் போகும்.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல ஆசை. காரணம் தேயிலைப் பெட்டி. கடதாசிப் பைகள் வருவதற்கு முன் நம் தேயிலை பிளைவுட் பெட்டிகளில்தான் கப்பலேறியது. ஓரத்தில் தகரப் பட்டி, உள்ளே ஈயத்தாள். கழித்துப்போட்ட பெட்டி லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், உடுப்புப் பெட்டியாகும், புத்தக அலுமாரியாகும், சாமி மேடையும் ஆகும். வீட்டுக்குள் இருந்தால் இருபது வருஷம் உழைக்கும். வாசலில் ஒரு மழைக்காலம் கிடந்தால் பசை விட்டு, மரத்தாள் ஒவ்வொன்றும் அப்பளம்போலத் தனித்தனியாகக் கழன்றுவரும். மர விமானத்தின் இறக்கையும் இதே பிளைவுட்தான், தரம் மட்டும் பன்மடங்கு உயர்ந்தது. பசை விட்டால் இரண்டுக்கும் ஒரே கதி.

1931 மார்ச் 31ஆம் திகதி அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஃபாக்கர் எஃப்-10 பயணிகள் விமானம் ஒன்றின் மர இறக்கை பிரிந்து, நாடே அறிந்த அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னியோடு எட்டுப் பேர் இறந்தார்கள். இறக்கைக்குள் ஈரம் புகுந்து பசை வலுவிழந்தது முக்கிய காரணமாகச் சொல்லப்பட்டது. வெளியே பூசி மினுக்கிய இறக்கையை அறுத்துத் திறக்காமல் உள்ளே பார்க்க வழியில்லை என்பதுதான் அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி. உலோக விமானங்கள் பக்கம் தொழில் வேகமாகத் திரும்பியதற்கு அந்த விபத்தும் ஒரு தூண்டுதல்.

நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் நடந்தது 1944இல். பிரித்தானிய விமானப்படையின் மர விமானமான மொஸ்கிட்டோ, இந்தியாவில் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கை பிரிந்து விழுந்தது. நவம்பரில் அங்குள்ளவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்திச் சோதித்தார்கள். வெயிலையும் மழையையும் குற்றம் சொல்வது சுலபமாக இருந்தது. இறக்கைகளைத் திறந்தபோது, ஒட்டவேண்டிய மரங்கள் சரியாகப் பொருந்தாமல் நடுவே இடைவெளி விட்டுப் பசையால் நிரப்பப்பட்டிருந்த மூட்டுகளும் தெரிந்தன. தொழிற்சாலையில் நடந்த தவறை இங்கத்தைய காலநிலை வெளிக்கொண்டுவந்தது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

பசை மூட்டு பிரிந்த இடத்தில் பார்ப்பது ஒன்றுதான்: மரநார் இருக்கிறதா? நல்ல ஒட்டில் பசை விடாது, பக்கத்து மரம்தான் கிழிந்து வரும். பிரிந்த முகம் முழுக்க நார் பறிந்திருக்கும். பசை தட்டுப்போல வழவழப்பாக, நாரே இல்லாமல் கழன்றிருந்தால் அந்த ஒட்டு சரியாகப் பிடித்ததே இல்லை, அல்லது பிடித்தது பின்னால் செத்துவிட்டது. மரத்தின் முறிவும் அப்படியே. நல்ல மரம் நீள நீளச் சிராய்களாகக் கிழியும். உளுத்த மரம் கரட் முறிவதுபோல் 'டக்' என்று குறுக்கே போகும்.

இறக்கை முறிந்தது உண்மை, ஆனாலும் குற்றம் இறக்கையில் இல்லை என்று முடிகிற விசாரணைகளும் ஏராளம். இறக்கை தாங்கக்கூடிய பாரம் மாறாது. அதன்மேல் விமானி ஏற்றக்கூடிய பாரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். பறக்க முடிகிற மிகக் குறைந்த வேகத்தின் இரண்டு மடங்கில் விசையைப் பலமாக இழுத்தால் நான்கு மடங்கு பாரம், மூன்று மடங்கில் ஒன்பது. ஒன்பதைத் தாங்கும் சின்ன விமானங்கள் மிகக் குறைவு. மேகத்துக்குள் தெரியாமல் நுழைந்தவருக்கு மேல் கீழ் தெரியாது. விமானம் சுருளாகச் சரிந்து வேகம் பிடிக்கும். மேகத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே தரை. பயத்தில் இழுப்பார். இறக்கை போகும். நுவரெலியாவில் பத்து நிமிடத்தில் வெயில் மறைந்து மூடுபனி இறங்குவதைப் பார்த்தவர்கள், மலைநாட்டுப் பறப்பில் அந்த முதல் படி எவ்வளவு சுலபம் என்று ஊகிக்கலாம்.

காற்றும் அப்படி. தென்மேற்குப் பருவத்தில் மலையைத் தாண்டி ஊவாவுக்கும் கிழக்குக்கும் இறங்கும் கச்சான் காற்றை நாம் காய்ச்சலோடும் வரட்சியோடும்தான் சேர்த்துப் பேசுகிறோம். மலையின் மறைவுப் பக்கத்தில் அப்படி இறங்குகிற காற்று கண்ணுக்குத் தெரியாமல் சுழலும். அதற்குள் வேகத்தைக் குறைக்காமல் போகிற சின்ன விமானத்துக்கு அது பள்ளம் விழுந்த ரோட்டில் பஸ் ஓட்டுவது போலத்தான்.

இந்த வீட்டு விமானங்களில் பெரிய விமானத்தின் கறுப்புப் பெட்டி இருக்காது. ஆனால் ஜிபிஎஸ், விமானியின் போன், திரைக் கருவிகளின் நினைவகம், யாராவது எடுத்த காணொளி ஆகியவற்றிலிருந்து வேகத்தையும் உயரத்தையும் நொடிக்கு நொடி மீட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு விசாரணை கட்டியவரின் பட்டறைக்குப் போகும். எனக்கு இந்தப் பகுதிதான் மனதைத் தொடும். பெரும்பாலும் கட்டியவரே ஓட்டியும் இறந்திருப்பார். வருஷக்கணக்கில் அவர் எழுதிய குறிப்புப் புத்தகம், வாங்கிய பசையின் ரசீது, ஒட்டும்போது எடுத்த படங்கள், மிச்சம் வைத்த மரத்துண்டு எல்லாம் மேசையில் வரும். சில ஆட்கள் ஒவ்வொரு கலவைப் பசையிலும் ஒரு சின்னத் துண்டை ஒட்டி, திகதி எழுதி வைத்திருப்பார்கள். உடைத்துப் பார்த்துத் தரம் சோதிக்கத்தான். இறக்கையைக் கவிழ்த்து வைத்து மணல் மூட்டை அடுக்கிப் பாரம் சோதித்திருந்தால் அதுவும் குறிப்பில் இருக்கும். வரைபடத்தைவிடக் கனமான இயந்திரம் பூட்டினாரா, எடை குறைக்க எதையாவது மெலித்தாரா, இரண்டாவது கைக்கு விற்றபோது வாங்கியவருக்கு இதெல்லாம் சொன்னாரா? ஒரு தடவை தரையில் இறக்கை உரசி, மேலே பெயிண்ட் அடித்து மறைத்த காயம்கூட மரத்துக்குள் நசுங்கல் கோடாகக் காத்திருக்கும்.

சர்வதேச விதிப்படி இத்தகைய விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல. விபத்து நடந்த நாடுதான் நடத்தும். நம் சரிவில் அப்படி ஏதாவது விழுந்தால் ஊரார் செய்யக்கூடிய பெரிய உதவி, ஆளைக் காப்பாற்றிய பிறகு பொருளைத் தொடாமல் இருப்பது. தேயிலைச் செடிக்கடியில், ஓடையில், பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கும் கையளவு துண்டுதான் சில சமயம் முதலில் உடைந்தது. கான்சாஸில் 1931இல் அதிகாரிகள் வந்து சேருமுன்பே ஆட்கள் ஞாபகார்த்தமாகத் துண்டு துண்டாக எடுத்துப் போய்விட்டார்கள்.

லயத்துத் தகரக்கூரையில் ஓர் ஆணி கழன்றிருந்தால் காற்றில் அந்தத் தகரம் என்ன பாடு படுத்தும் என்று தெரியும். சாதாரணக் காற்றில் சும்மா இருக்கும். ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் படபடவென்று தானாக அடிக்கத் தொடங்கும், அடிக்க அடிக்க மற்ற ஆணிகளையும் கழற்றும். இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஏய்லரான் தகடு இப்படி ஆடத் தொடங்கினால் அதற்கு ஃபிளட்டர் என்று பெயர். சில நொடிகளில் இறக்கையையே பிய்த்துவிடும். பிறகு பார்த்தால் ஏய்லரானைத் தடுக்கும் நிறுத்தத்தில் சுத்தியலால் அடித்ததுபோல் இருபக்கத் தழும்பு, இரு திசையிலும் மடங்கிய தகடு. ஒரே திசையில் முறிந்த இறக்கையில் இது இருக்காது.

கிறிஸ் ஹைன்ட்ஸ் வரைந்த ஸோடியாக் சிஎச் 601 எக்ஸ்எல் என்ற, பெட்டியாக வாங்கிப் பூட்டும் விமானத்தில் அந்தச் சந்தேகம்தான் எழுந்தது. 2006 முதல் ஆறு விமானங்கள் வானத்தில் உடைந்து பத்துப் பேர் இறந்ததைச் சுட்டி, அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2009 ஏப்ரலில் அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்தப் பரிந்துரைத்தது. ஏய்லரானுக்கு ஆட்டத்தை அடக்கும் எதிர்ப்பாரம் இல்லாததையும், அதன் கம்பி தளர்ந்தால் ஃபிளட்டர் வரலாம் என்பதையும் காட்டியது. அமெரிக்க அரசின் விமானத்துறை ஆராய்ந்தபோது ஒற்றைக் காரணம் என்று ஒன்றும் அகப்படவில்லை. ஸ்பாரின் பலம், ஏய்லரான், வேகமானி காட்டிய பிழை என்று பல சேர்ந்திருந்தன. கடைசியில் எதிர்ப்பாரமும் ஸ்பாருக்கு வலுவூட்டும் துண்டுகளும் கொண்ட திருத்தப் பெட்டி வந்தது. இதே வகை விமானத்தைக் கட்டி முடித்துப் பெயிண்ட் அடித்திருந்தவர்கள் அதை மறுபடி கராஜுக்குள் தள்ளிக்கொண்டு போய், தங்கள் கையால் அடித்த ரிவெட்டுகளைத் தாங்களே துளைத்தெடுத்து இறக்கையைத் திறந்தார்கள்.